கழற்றிப் போட்ட கேந்தி மாலை

மதினி,

வாசலில் ஒரு ஒயர்க்கூடை இருக்கிறது. அது நிறைய கேந்திப் பூ. உதிரிப் பூ இல்லை, மாலை மாலையாகக் கட்டியது, நூலோடு சுருண்டு கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நான்தான் கொண்டுவந்து வைத்தேன். வீடு முழுக்க அந்த நெடி. மணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேந்தி மல்லிகையைப் போலக் கொஞ்சாது; கசக்கினால் முகத்தில் அறைகிற மாதிரி அடிக்கும். என் மகள் இரண்டு தடவை வந்து, "எம்மா, வாடிப்போயி கெடக்கே, குப்பையில போடவா?" என்று கேட்டுவிட்டாள். "கைய வச்ச, ஒடிச்சிருவேன்" என்றேன். வாடின பூவுக்கு இவ்வளவு கோபமா என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. கூடை எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே ஆரம்பித்தால் ஆத்திரத்தில் எல்லாம் முன்பின்னாகிவிடும். நீயே சொல்வாய், "ஏட்டி, ஒனக்கு ஒரு கதையச் சொல்லத் தெரியாது, முதல்ல மூக்கச் சிந்திக்கிட்டு அப்புறமா பேசு" என்று.

நீ எனக்கு மதினி ஆவதற்கு முன்பே தாய்மாமன் மகள். ஒத்த வயதுதான். சின்னண்ணனைக் கட்டிக்கொண்டு நீ எங்கள் வீட்டுக்குள் வந்தாய், நான் வாக்கப்பட்டு வெளியே கயத்தாற்றுக்குப் போனேன். ஒரே வருஷத்தில் நடந்தது. "நீ காலி பண்ண எடத்துலதான் எனக்குப் பாய் போட்டிருக்காவ" என்று சொல்லிச் சிரிப்பாய். உனக்குப் பிள்ளை இல்லாமல் போனதைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் உன் காதுக்கு வந்தது; சின்னண்ணன் ஒரு நாளும் பேசவில்லை. பாகம் பிரித்ததில் அவருக்கு வந்தது ஊருணிக்கரைப் புஞ்சை. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கரிசலுக்குக் கேட்க வேண்டுமா, மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் நீங்கள் இரண்டு பேரும் பருத்தி போட்டீர்கள். பெரியண்ணன் புஞ்சை அதை ஒட்டியே இருந்தது. அவருக்கு அந்த வரப்பு ஒரு உறுத்தல்தான். நடுவில் அது இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே துண்டு.

சின்னண்ணன் போனது ஐப்பசியில். விதைத்த பருத்தி அப்போதுதான் இலை விட்டிருந்தது. உரம் வாங்கப் போனவரைத் தூத்துக்குடி ரோட்டில் லாரி அடித்துப் போட்டது. அதை நான் எழுத வேண்டாம், நீயும் படிக்க வேண்டாம்.

ஆனால் கருமாதி அன்று நடந்ததை எழுதாமல் விட முடியாது. ஊருணிக் கரையில் உன்னை உட்காரவைத்து, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கட்டிவிட்டு, இரண்டு கை நிறைய வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்து, கழுத்தில் பெரிய கேந்தி மாலையைப் போட்டார்கள். கல்யாணத்துக்குக்கூட உனக்கு அவ்வளவு பூ வைக்கவில்லை, மதினி. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிடுங்கப்போகிறதை எதற்காகப் போட வேண்டும்? இந்த வழக்கத்தை யோசித்துக் கண்டுபிடித்தவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா, அவன் நல்லாவே இருந்திருக்க மாட்டான். கழற்றிய மாலையை எங்கள் அத்தை ஒருத்தி, "யாரும் மிதிச்சிராதிய" என்று சொல்லித் தூக்கி எறிந்தாள். அது உன் புஞ்சை வரப்பின் மூலையில் போய் விழுந்தது. ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது.

பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "ஏட்டி, இங்கன வா, ஒண்ணு காட்டுதேன்."

வரப்பு மூலையில் கேந்தி குப்பென்று பூத்து நின்றது. யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் விடவில்லை.

"எம் மாலைதான் மொளச்சிருக்கு" என்றாய். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதைச் சொல்வது போலச் சொன்னாய்.

பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று குனிந்தேன். நீ தடுத்தாய். "பூவப் பாக்கச் சொல்லல. அதுக்கு அடுத்தாப்ல நிக்க பருத்தியப் பாரு."

பார்த்தேன். அந்த வருஷம் புழு ஊரையே சூறையாடியிருந்தது. காயைத் தொட்டால் ஓட்டைதான், உள்ளே பச்சையாக நெளியும். கோவில்பட்டியில் போய் வாங்கி வந்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தும் புழு அசையவில்லை. பெரியண்ணன் புஞ்சையிலிருந்து அடித்த நாற்றம் ஊருணி வரை வரும். உன் புஞ்சையிலும் பாதிக்கு மேல் அடி. ஆனால் அந்த மூலையில் மட்டும், கேந்தியைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு, காய்கள் முழுசாக இருந்தன. புழு கேந்தி மொட்டுக்குள் இருந்தது. தாய்ப்பூச்சி பருத்தியை விட்டுவிட்டு அங்கே போய் முட்டையிட்டிருந்தது. செடியைச் சுற்றிக் குளவியும் வண்டும் மொய்த்துக்கொண்டிருந்தன.

மாசியில் குடும்பம் கூடியது. பெரியண்ணன் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். அவர் எப்போதுமே தன்மையாகத்தான் பேசுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. "பொம்பளப்பிள்ள, ஒத்தையில புஞ்சையப் பாக்க முடியுமா? எங்கிட்ட விட்டுரட்டும். சோத்துக்கு நான் அளக்குதேன்." நீ முடியாது என்றாய். குடும்பத்துக்கு மூத்தவர் என்று நடுவில் உட்கார்ந்திருந்த பெரியமாமா தீர்ப்புச் சொன்னார். நீ ஒரு வெள்ளாமை பார்க்கலாம். யாரிடமும் கை நீட்டாமல் பருத்தியை வீடு சேர்த்தால் புஞ்சை உன்னுடையது. இல்லையென்றால் பெரியண்ணன் கைக்குப் போகும். சட்டம் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்ற பெயர் உனக்குத்தான் வந்திருக்கும்.

ஒரு வெள்ளாமை. உன் பிழைப்பை ஒரு பருவத்தில் தொங்கவிட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

நீ அந்த மூலைக் கேந்தியைக் காயவிட்டு, முற்றின பூவை உதிர்த்து மண்கலயத்தில் போட்டு வைத்திருந்தாய். அடுத்த ஐப்பசியில் பருத்தியோடு சேர்த்து வரப்பு நெடுக அதைத் தூவினாய். நடுவில் அங்கங்கே தட்டப்பயறும் ஊன்றினாய். அந்தச் சமயம் வேளாண்மை ஆபீஸிலிருந்து மொபெட்டில் ஒரு சின்னப் பெண் வந்து போய்க்கொண்டிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? ஊரில் ஆம்பளைகள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நீதான் நிறுத்தி வைத்துக் கேட்பாய். பயறில் செடிப்பேன் பிடித்தால் பயப்பட வேண்டாம், அதைத் தின்ன வருகிற பொறிவண்டு பருத்திக்கும் காவல் இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். கேந்தித் தேனுக்கு வருகிற குளவி புழுவைத் தூக்கிப் போகும் என்றும் சொன்னாள்.

நீ செய்த ஒரு தப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயறு இலையில் கறுப்பும் மஞ்சளுமாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பூச்சி ஊர்ந்தது. ஏதோ புதுச் சனியன் என்று இரண்டு நாள் அதைத் தேடித் தேடி நசுக்கினாய். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இதுதான் பொறிவண்டோட குஞ்சுக்கா, தாயை விட இதுதான் நெறையத் திங்கும்" என்றாள். நீ கையைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அவள் போன பிறகு என்னிடம், "பிள்ளைய நசுக்கிப் போட்டுட்டு தாயக் காணும்னு தேடியிருக்கேன் பாரு" என்றாய். அன்றைக்கு உன் சத்தம் ஒரு மாதிரியாக இருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

மார்கழியில் கேந்தி பூத்தது. கறுத்த மண்ணைச் சுற்றி மஞ்சள் கட்டம் கட்டின மாதிரி இருந்தது. ஊருக்கு வாய் திறந்தது.

"அறுத்தவளுக்குக் கேந்தித் தோட்டம் எதுக்கு? யாருக்குச் சூடப் போறா?"

இதைச் சொன்னது ஆம்பளைகள் மட்டும் இல்லை. தண்ணீர் எடுக்க வரும்போது நீ குடத்தைத் தூக்கிவிட்ட அதே பொம்பளைகள். புழு விழுந்த மொட்டைத் தினமும் கிள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேந்தியில் வளர்ந்த புழு பருத்திக்குத் தாவிவிடும். விடியக்காலையில் நீ பூவுக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பூப் பறிக்கிறாள் என்று கிளப்பிவிட்டார்கள். நீ அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். எனக்கு ஆள் விட்டாய்.

"நீ சுமங்கலி. நீ பூவத் தொடு. நான் செடியத் தொடுதேன்."

நான் கயத்தாற்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் வந்து தங்கினேன். வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள சண்டை, அது கிடக்கட்டும். நான் மொட்டைக் கிள்ளி இந்த ஒயர்க்கூடையில்தான் போடுவேன். ஆமாம், இதே கூடைதான், கைப்பிடி மட்டும் மாற்றியிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று சப்பையை, அதுதான் பருத்தி மொட்டை, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாய். அதற்குப் பிறகு உன் கை ஒரு தடவைகூடக் கேந்திப் பூவில் பட்டது கிடையாது. உன் புஞ்சை, உன் விதை, உன் கழுத்து மாலையின் வாரிசு. நீ அதைத் தொடக்கூடாது. நான் இல்லாத நாட்களில் எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளைகள் யாரையாவது கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறாய் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் தன்னை அறியாமல் உனக்கு நல்லது செய்தது. அறுத்தவள் நட்ட பூ சாமிக்கு ஆகாது என்று ஒருத்தரும் பறிக்கவில்லை. வேறு யார் புஞ்சையிலாவது இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பூ மிஞ்சியிருக்காது. பூ செடியிலேயே நின்றது, பூச்சியும் அங்கேயே நின்றது. தை பிறக்கும்போது உன் பருத்தி மாதிரி ஊரில் பருத்தி இல்லை. மருந்து நாற்றமே இல்லாத புஞ்சை அது ஒன்றுதான். பெரியண்ணன் சாயங்காலம் வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். "ஒங்க அண்ணன் பார்வையே புழு மாதிரி இருக்குட்டி, உள்ள போயி கொடையுது" என்றாய். நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியது இல்லை.

அந்தத் தையில்தான் பெரியண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கழுகுமலைக்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற பெரிய இடம். அத்தைக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டு கிடந்தேன். உன்னை வெளியே வர வேண்டாம் என்று பின்கட்டு அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல காரியத்தில் நீ எதிரே வரக்கூடாது இல்லையா. நீ போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாய். நான் ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்தபோது, "முந்திரி இல்லாம கிண்டியிருக்க, மாப்ள ஓடிருவான்" என்றாய்.

நாம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், மதினி, பெரியண்ணன் ஆளை விட்டு உன் கேந்தியை வெட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் கார் ஊருணிக்கரைப் பாதையில்தான் வர வேண்டும். வருகிற வழியில் இவ்வளவு பூ எதற்கு, யார் புஞ்சை என்று கேட்டால் என்ன சொல்வது? தாலியறுத்தவள் நட்ட பூவைத் தாண்டி வந்தா பெண் பார்ப்பது? அவருக்கு அதுதான் பயம். வரப்பைச் சுற்றி ஒரு செடி விடாமல் அரிவாளால் அடியோடு வெட்டி ஊருணிக்குள் தள்ளிவிட்டார்கள். கரையில் கிடந்த தழையை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்துக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? "ஏன் சம்மந்தி, வார வழியெல்லாம் ஒரே கருத்தமண்ணா கெடக்கு, கண்ணுக்குக் குளுமையா ஒரு பூவக்கூடக் காணுமே?" நான் பலகாரத் தட்டோடு நின்றேன். பூவைக் காணுமா? எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தட்டை வைத்துவிட்டு ஓடிப் பார்த்தேன். அந்தச் சம்பந்தமும் அமையவில்லை என்பது வேறு விஷயம். ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் வந்து சொன்னதும் நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ எழுந்து வெளியே வந்து பெரியண்ணன் முன்னால் நின்றாய்.

"ஏன் வெட்டுனிய?"

"பூதான தாயி. பருத்தியில ஒரு எலகூடப் படல. வேணும்னா நீயே போயிப் பாரு. நல்ல காரியத்துக்காவ ஒரு நாளு பொறுத்துக்கிடக் கூடாதா?"

அவர் பொய் சொல்லவில்லை. பருத்தியில் அரிவாள் படவே இல்லை. அவருக்கு அது பூ, அவ்வளவுதான். உன் காவல்காரர்களையெல்லாம் ஒரே காலையில் வெட்டிப் போட்டது அவருக்குத் தெரிந்ததா தெரியாததா என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் செய்தார் என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது. தெரிந்து செய்தார் என்று நினைத்தால் அவரை அண்ணன் என்று கூப்பிட நாக்கு கூசுகிறது.

பூ போன பிறகு தாய்ப்பூச்சிக்கு முட்டையிட வேறு எங்கே இடம்? பருத்திதான். தேன் இல்லாத இடத்தில் குளவிக்கு என்ன வேலை? அடுத்த தடவை நான் வரும்போது உன் சப்பையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. காய்க்குக் காய் ஓட்டை. நீ கையால் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தாய். எத்தனையைப் பொறுக்குவாய்? பெரியண்ணன் மருந்தும் டேங்க்குமாக வந்து நின்றார். "நான் அப்பமே சொன்னேன்ல, பூவ நம்பாத, மருந்து அடின்னு. எடுத்து அடி, பெறகு பாத்துக்கிடலாம்." நீ வேறு வழியில்லாமல் அடிக்கச் சொன்னாய். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இலையைத் திருப்பிக் காட்டினாய்.

"புழுவுக்கு ஒண்ணும் ஆகலட்டி. பொறிவண்டுதான் செத்துக் கெடக்கு."

மாசிக் கூட்டத்தில் அந்த மருந்தே உனக்கு எதிராக வந்தது. பெரியண்ணன் கொடுத்த மருந்து என்றால் கை நீட்டியாகிவிட்டது இல்லையா? பருத்தியும் வீடு வந்து சேரவில்லை. நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "வெள்ளாம கெட்டது எம்மேல சொல்லுதிய. பூவ வெட்டுனது யாருன்னு ஒரு வார்த்த கேளுங்க."

பெரியமாமா உன்னைப் பாவம் பார்த்து, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "பூவுக்கும் பருத்திக்கும் என்னம்மா சம்பந்தம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். "கட்டிக் கொடுத்த பிள்ள, இதுல நீ என்னத்துக்கு?" என்று அடக்கிவிட்டார்கள். மொபெட் பெண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நீ சொன்னாய். அவளுக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது.

அந்தக் கோடையிலேயே பெரியண்ணன் நடுவரப்பை உழுது அழித்தார். நீ கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தாய். சோத்துக்கு அளப்பதாக அவர் சொன்னதை நீ ஒரு நாளும் வாங்கவில்லை. நான் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் உன் விரலில் மருந்துக் கறை இருக்கும். "பருத்திக்கு மருந்து வேண்டாம்னேன், அதுக்குத்தான் கடவுள் இந்த மருந்துல கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காரு" என்பாய். ஊருக்கு வா என்று கூப்பிட்டால் வர மாட்டாய். ஒரே ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் பூக்காரியின் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று, "எனக்கு ஆம்பள போனதுகூடப் பழகிருச்சுட்டி. அந்தத் தைக் கேந்திதான் கண்ணவிட்டுப் போவமாட்டேங்குது" என்றாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது புரட்டாசி. உன்னை ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள், எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கிடத்தினார்கள். அப்போது பார்க்க வேண்டுமே! உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் ஒரு பூவைத் தொடக்கூடாது என்றவர்கள், ஆளுக்கு ஒரு மாலையோடு வந்தார்கள். எல்லாம் கேந்தி. இருப்பதிலேயே பெரிய மாலை பெரியண்ணனுடையது. போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடையைத் தூக்கும்போது பாரம் என்று பாதி மாலையைக் கழற்றி வாசல் திண்டில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆம்பளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் நான் அவ்வளவையும் இந்தக் கூடையில் அள்ளினேன். நீ ஆண்ட புஞ்சைக்குப் போனேன். வரப்புதான் இல்லையே, ஊருணி ஓரமாகப் பாதை நெடுகப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குப்பையில் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது.

மழை பெய்தது. முளைத்தது. பெரியண்ணன் அதைப் பிடுங்கவில்லை. வயசாகிவிட்டது, மருந்து வாங்கி வாங்கி ஓய்ந்தும் போயிருந்தார். கேந்திப் பக்கம் பருத்தி தப்பிப்பதை அவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பரவ விட்டார். அதற்கு அடுத்த வருஷம் அவரே எடுத்துத் தூவினார். வேளாண்மைத் துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் படம் பிடித்துப் போனார்களாம்.

நேற்று அந்தப் புஞ்சையில் வயல் விழா. பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். "நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைக்கும் பூ வரப்பு" என்று ஊருணிக்கரையில் ஒரு பெரிய போர்டு நட்டிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த அதிகாரிக்கும், பெரியண்ணனுக்கும், முன்வரிசைப் பெரியவர்களுக்கும் அந்த வயலிலேயே பறித்த கேந்தியைக் கட்டி மாலை போட்டார்கள். வந்த பொம்பளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பூ. நானும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பெரியமாமாவும் இருந்தார், காது கேட்காது, ஆனாலும் கழுத்தில் மாலை.

பெரியண்ணன் மைக்கைப் பிடித்தார். "பூவுக்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம்னு எல்லாரும் கேப்பாவ" என்று ஆரம்பித்தார்.

மாசிக் கூட்டத்தில் உன்னிடம் கேட்டது, மதினி. அதே வார்த்தை. பொறிவண்டைச் சொன்னார், குளவியைச் சொன்னார், தட்டப்பயறைச் சொன்னார். உன்னைச் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அதிகாரி நல்ல பையன், நிஜமான ஆசையோடுதான் கேட்டான்: "அய்யா, மத்த விவசாயிங்களும் தெரிஞ்சுக்கட்டும், விதை எங்க வாங்குனீங்க?"

"எங்கயும் வாங்கல சார். தானா மொளச்சது. மண்ணு ராசி."

நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. கால் தானாக எழுந்தது.

"தானா மொளைக்கல சார். இந்தப் புஞ்சை எங்க மதினி ஆண்ட புஞ்சை. பூ வச்சு பருத்தியக் காப்பாத்துனது அவதான். இவிய வெட்டிப் போட்டாவ, அவ வெள்ளாமையும் போச்சு, புஞ்சையும் போச்சு. அவ செத்தன்னைக்கு அவ பொணத்து மேல கெடந்த மாலைய நான்தான் அள்ளியாந்து இங்கன போட்டேன். அது மொளச்சதுதான் நீங்க எல்லாரும் கழுத்துல போட்டிருக்கது."

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அப்புறம் முன்வரிசையில் ஒருத்தர் கை கழுத்துக்குப் போனது. அடுத்தவர் கை போனது. பொம்பளைகள் தலையிலிருந்து பூவை உருவினார்கள், தேள் விழுந்த மாதிரி. பெரியமாமாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அவரும் கழற்றினார். கடைசியாகப் பெரியண்ணன். சால்வையோடு சேர்ந்து மாலை சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இழுத்துப் பிய்த்தார்.

அன்றைக்கு ஊருணிக்கரையில் உன்னிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்களே, அதேதான். அதே இடம்தான். எடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

அந்த அதிகாரிப் பையன் மட்டும் மாலையைக் கழற்றவில்லை. "அந்தம்மா பேரு என்னங்க?" என்று கேட்டான். நான் சொன்னேன். உன் பெயரை அந்தப் புஞ்சையில் அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கழற்றிக் கீழே போட்டதையெல்லாம் கூடையில் அள்ளினேன். பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாதைக்கு வந்த பிறகு பின்னாலேயே வந்து, "ஏட்டி, கூடப்பெறந்த பெறப்ப இப்படிச் சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டியே" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது.

இதனால் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாய். ஒன்றும் கிடைக்கவில்லை. புஞ்சை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போகும். நீ தீப்பெட்டி ஆபீஸில் தேய்ந்த தேய்ச்சல் தேய்ந்ததுதான். எனக்கும் மனசு ஆறிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உதிர்ந்த பூ மண்ணில் கிடக்கிறது, அடுத்த மழைக்கு அவர் தூவாவிட்டாலும் முளைக்கும். பிடுங்கிப் போடலாம் என்றால் போர்டு நிற்கிறது, பார்க்க ஆள் வருகிறார்கள். பொணத்து மாலை என்று இப்போது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தையிலும் அவர் அந்தப் பாதையில் உன்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

என் தலையில் வைத்த பூவை நான் எடுக்கவில்லை. பஸ்ஸில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். காலையில் எடுத்து, வாடினதைக் கூடையில் சேர்த்திருக்கிறேன். ஐப்பசி வரட்டும், கூடையோடு கொண்டுபோய் எங்கள் கயத்தாற்றுப் புஞ்சை வரப்பில் தூவப் போகிறேன். முளைத்தால் புழு விழுந்த மொட்டை நானே கிள்ளுவேன். பக்கத்துப் புஞ்சையில் ஒருத்தி இருக்கிறாள், போன வருஷம் அறுத்தவள். அவளையும் கூப்பிடுவேன். செடியைத் தொட இல்லை, பூவைத் தொட.

பூவுக்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம் என்று இனி ஒருத்தர் வந்து என்னிடம் கேட்கட்டும், மதினி.